கறுப்பு வயரும் வெள்ளை வயரும்



சென்ற மாதம் வானொலியில் நான் பேசியதைக் கேட்ட சிலர், 'அதை எழுத்தில் தாருங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்' என்று கேட்டிருந்தார்கள். பேச்சில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் எழுத்தாளன் அல்ல, எலெக்ரீசியன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989 தை மாதம். கனடாவுக்கு வந்து நாலு மாதம். ஸ்காபரோவில் ஒரு கடையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மணித்தியாலத்துக்கு ஐந்து டொலர், கைக்காசு. என்னைக் கூட்டிக்கொண்டு போனவர், 'தம்பி, உமக்கு வயரிங் தெரியும்தானே, அந்த லைற்றைக் கழற்றும்' என்று சொல்லிவிட்டுக் கோப்பி வாங்கப் போய்விட்டார். பிரேக்கரை அவர் நிப்பாட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் நிப்பாட்டுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினேன். ஒரு கறுப்பு வயர், ஒரு வெள்ளை வயர். வெள்ளை எனக்குப் புதிது. அதுதான் ஆபத்தானது என்று முடிவெடுத்து, அதற்குக் கவனமாக ரேப் சுற்றினேன். பிறகு கறுப்பை வெறும் விரலால் பிடித்தேன்.

நினைவு திரும்பியபோது கீழே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளுக்கு மேல் கிடந்தேன். அது 120 வொல்ற் என்றபடியாலும் அரிசி மூட்டை இருந்தபடியாலும் இன்றைக்கு இதை எழுதுகிறேன். இந்த நாட்டுப் பெரிய கட்டடங்களில் லைற்றுக்கு 347 வொல்ற் ஓடுவதும் உண்டு. அது பெரும்பாலும் கனடாவுக்கே உரிய பழக்கம். அந்தக் கடை அப்படியான கட்டடமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஏன் கறுப்பைப் பிடித்தேன்? அதற்குப் பதில் என்னுடைய முட்டாள்தனம் மட்டுமல்ல. அதற்குள் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது.

எங்களுடைய ஊர் வயரிங் வெள்ளைக்காரன் பழக்கியது. பிரித்தானிய முறைப்படி சிவப்பு உயிருள்ள வயர், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். கறுப்பை நாங்கள் 'செத்த வயர்' என்றே சொல்லிப் பழகினோம். எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் முதல் நாளே சொன்ன மந்திரம் அது: 'சிவப்பைத் தொட்டால் சா, கறுப்பைத் தொட்டால் பிழை.' கனடாவில் எல்லாம் தலைகீழ். இங்கே கறுப்புத்தான் உயிர். சிவப்பும் உயிர். வெள்ளை நியூற்றல். எர்த் பச்சையாக இருக்கும், அல்லது உறை இல்லாத வெறும் செம்புக் கம்பியாக இருக்கும். வாழ்நாள் முழுக்கக் கைக்குப் பழகிய அறிவே ஒருவனைக் கொல்லக்கூடிய இடம் இது.

இது கனடாவுக்கு வந்தவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜேர்மனியில் 1965 க்கு முன் கட்டிய வீடுகளில் சிவப்புத்தான் எர்த். கறுப்பு உயிர், சாம்பல் நிறம் நியூற்றல். நோர்வேயில் இன்னும் வேடிக்கை. அங்கே அநேகமான வீடுகளுக்கு வருகிற 230 வொல்ற் இணைப்பில் நியூற்றலே கிடையாது. இரண்டு வயரும் உயிர். ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைத் தொட்டால் கதை சரி. ஒஸ்லோவில் இருக்கிற என் மச்சான் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, 'செத்த வயரே இல்லாத நாடோ!' என்று நான் கேட்டது நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும். இலங்கையில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே எழுதிவைத்தார். லக்சபானா ஓடத் தொடங்கியது 1950 இல். மின்சாரசபை உருவானது 1969 இல். யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சுன்னாகம் மின் நிலையம் என்றால் தெரியும். ஆனால் நல்ல எலெக்ரீசியன்மாரை உருவாக்கியவை வீடுகள் அல்ல, தொழிற்சாலைகள். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. பெரிய மோட்டரும் மூன்று பேஸ் மின்சாரமும் அங்கேதான் இருந்தன. வீட்டு வயரிங் பழகிய என்னைப் போன்றவர்கள் அவர்களைப் பார்த்தால் ஓர் அடி தள்ளித்தான் நிற்போம்.

பிறகு நடந்ததை இதை வாசிக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக்கணக்காக. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றறிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டுத் திரியைக் கொளுத்திப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். இதெல்லாம் அம்மாவின் கடிதங்களில் அறிந்தது.

அந்த இருட்டிலிருந்து 1991 இல் ஒரு அண்ணர் ரொறொன்ரோ வந்து சேர்ந்தார். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். சீமெந்துத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் எலெக்ரீசியனாக இருந்தவர். சூளை மோட்டரின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேஸ் போய்விட்டது என்று சொல்லக்கூடிய மனிதர். இங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது.

ஒன்ராறியோவில் எலெக்ரீசியன் வேலை சான்றிதழ் கட்டாயமான தொழில். தொழில் பழகுபவர் 9000 மணித்தியாலம் கணக்குக் காட்டவேண்டும். ஏறக்குறைய ஐந்து வருடம். அதற்குள் மூன்று கட்டமாகக் கல்லூரிப் படிப்பும் உண்டு. பிறகு சோதனை, அதில் 70 வீதம் எடுக்கவேண்டும். வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் அந்த மணித்தியாலங்களைக் காட்டினால் நேரே சோதனைக்குப் போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் காட்டுவது எப்படி? பழைய முதலாளியின் கடிதம் வேண்டும். அண்ணரின் பழைய முதலாளி ஒரு தொழிற்சாலை. அது 1990 உடன் நின்று, இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கந்தோரும் இல்லை, பைலும் இல்லை. அவருடைய சொந்தச் சான்றிதழ்கள் வீட்டோடு போயின. அந்த வீடும் அதே வலயத்துக்குள்.

'உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்த யாரையாவது தொடர்புகொள்ள முடியுமா?' என்று அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டாராம். அண்ணர் சொன்ன பதில்: 'ஆமிக்காரனைத்தான் கேக்கவேணும்.' மொழிபெயர்க்கப் போன நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம், 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல். வேலை கேட்கப் போனால் அனுபவம் உண்டா என்பார்கள். உண்டு என்றால், கனடா அனுபவம் உண்டா என்பார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க அப்போது எங்களுக்கு ஆங்கிலம் இல்லை. ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013 இல்தான் இப்படிக் கேட்பது பாகுபாடாகலாம் என்று கொள்கை வெளியிட்டது. எங்களுக்கு அது இருபது வருடம் பிந்தி வந்த கடிதம்.

அண்ணரை விட்டுவிடவில்லை, கதைக்குத் திரும்புகிறேன். கடைசியில் வழி காட்டியது ஊழியர் சேமலாப நிதி. ஈ.பி.எவ். என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தொழிற்சாலை போனாலும் அதன் கணக்கு கொழும்பில் இருந்தது. எந்த வருடம் தொடக்கம் எந்த வருடம் வரை சம்பளத்தில் வெட்டினார்கள் என்பது அதில் இருந்தது. உறவினர் ஒருவர் பல தடவை அலைந்து அதை எடுத்து அனுப்பினார். மெல்பேணில் குடியேறியிருந்த பழைய பொறியியலாளர் ஒருவரைத் தேடிப்பிடித்து, சத்தியக் கடதாசி ஒன்றும் வாங்கினோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அலுவலகம் பாதி மணித்தியாலங்களை ஏற்றுக்கொண்டது. மிச்சத்துக்கு நாற்பத்தாறு வயதில் அண்ணர் திரும்பவும் பழகுநரானார். அவருக்கு மேலே இருந்த போர்மனுக்கு வயது இருபத்துநாலு.

அந்தப் பொடியன் மோசமானவன் இல்லை. அண்ணரின் சட்டைப் பையில் இருந்த நியோன் ரெஸ்ற்றரைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான். ஊரில் அது இல்லாமல் எலெக்ரீசியன் கிடையாது. இங்கே அதை நம்பி உயிரை விடாதே, மீற்றரை எடு என்றான். அவன் சொன்னது சரி. ஒரு திருகாணிச் சாவியையும் கையில் கொடுத்தான். முனை நாற்சதுரம். இது எங்கள் நாட்டுச் சாமான் என்று பெருமையாகச் சொன்னானாம். உண்மைதான். ரொபேட்சன் என்ற கனேடியர் 1908 இல் கண்டுபிடித்தது, தொழிற்சாலை மில்ரன் என்ற ஊரில் இருந்தது. குளிரில் விறைத்த கையிலிருந்து வழுக்காமல் திருகாணியில் பிடித்துக்கொள்ளும். இரண்டு வயரை முறுக்கி மூடுகிற 'மரெற்' என்ற சிறு தொப்பிக்கும் பெயர் வந்தது மார் என்ற இன்னொரு கனேடியரிடமிருந்து. அவர் 1914 இல் செய்த இணைப்பானின் வழிவந்தது அது. நாங்கள் ஊரில் முறுக்கி ரேப் சுற்றுவோம். இங்கே அப்படிச் செய்தால் பரிசோதகர் கழற்றச் சொல்லிவிட்டுப் போவார்.

'ஹைட்ரோ' என்ற சொல்லையும் சொல்லவேண்டும். வந்த புதிதில் ஹைட்ரோ பில் என்று ஒன்று வந்தது. தண்ணீர் பில் ஆக்கும் என்று நினைத்து, தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்த வீடுகள் எத்தனை! ஒன்ராறியோவில் மின்சாரத்துக்கே ஹைட்ரோ என்றுதான் பெயர். காரணம் நயாகரா. சேர் அடம் பெக் என்பவர் மின்சாரம் பொதுமக்களுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்று போராடி, 1906 இல் அரசு மின் ஆணைக்குழு ஒன்றை உருவாக்க வைத்தார். 1910 இல் நயாகராவின் மின்சாரம் இப்போது கிச்சனர் என்கிற ஊரில் எரிந்தது. அந்தக் காலத்து மின்சாரம் 25 சைக்கிள். லைற் கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கும். 1949 இலிருந்து 1959 வரை வீடு வீடாகப் போய் மோட்டர்களை மாற்றித்தான் 60 சைக்கிளுக்கு வந்தார்கள். ஆக, இந்த ஊர்க்காரரும் ஒருகாலம் பழகியதை மறந்து புதிதாகப் பழகியவர்கள்தான். இதை அறிந்தபோது எனக்கு ஏனோ ஓர் ஆறுதல்.

இனி, குளிர். அதுதான் இந்தத் தொழிலில் எங்களுக்குப் புதிய பாடம்.

கட்டி முடியாத வீட்டுக்குள் ஹீற்றர் இராது. வெளியே சைபருக்குக் கீழே பதினைந்து என்றால் உள்ளேயும் அதே. கையுறையோடு சின்னத் திருகாணி பிடிபடாது. கையுறையைக் கழற்றினால் குறட்டின் இரும்பு தோலில் ஒட்டும். ரேப் ஒட்டாது. வயரின் உறை விறைத்துவிடும், கவனமில்லாமல் வளைத்தால் வெடிக்கும். அதனால்தான் குளிருக்கு ஏற்ற வயர்களில் சைபருக்குக் கீழே 40 என்று அச்சடித்திருப்பார்கள். ஊரில் வயர் வாங்கும்போது நாங்கள் வெயிலை மட்டும் யோசித்தவர்கள். சப்பாத்திலும் பாடம் உண்டு. பச்சை முக்கோணம் என்றால் விரலுக்கும் உள்ளங்காலுக்கும் பாதுகாப்பு. மின்னதிர்ச்சிக்கு வெள்ளைத் துண்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒமேகா எழுத்து வேண்டும். நான் முதல் வாங்கியது பழைய சாமான் கடையில் ஐந்து டொலர்ச் சப்பாத்து. அதில் எந்த அடையாளமும் இல்லை, ஒரு காலில் நாடாவும் இல்லை.

வீடு கட்டும் முறையே வேறு. ஊர்ச் சுவர் கல்லு. உளியால் வெட்டி, குழாய் புதைத்து, சாந்து பூசிவிட்டால் சரி. இங்கே சுவர் மரச் சட்டம், நடுவே பஞ்சு போன்ற இன்சுலேசன், அதன் உட்புறத்தில் ஒரு பிளாஸ்ரிக் தாள். வயர் போகத் துளைத்த ஓட்டையை அடைக்காமல் விட்டால் வீட்டுக்குள் இருக்கிற சூடான ஈரக்காற்று சுவருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகும், உறையும், இளவேனிலில் கரைந்து சுவர் பூஞ்சணம் பிடிக்கும். முதல் குளிர்காலத்தில் ஒரு வீட்டின் வெளிச்சுவர் புளக்கைக் கழற்றியபோது பெட்டிக்குள் வெண்பனி படிந்திருந்தது. நான் உப்புப் பூத்திருக்கிறது என்று நினைத்தேன். உப்புக் காற்றுக்குள் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் இது. ஊரில் கரண்ட் போனால் லைற் போகும், பேன் போகும். முற்றத்தில் பாயைப் போட்டால் காரியம் முடிந்தது. இங்கே காஸில் எரிகிற சூட்டடுப்புக்கூடக் கரண்ட் இல்லாமல் ஓடாது. காற்றைத் தள்ளும் மோட்டருக்கு மின்சாரம் வேண்டும். சூடு போனால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். குழந்தை இருக்கிற வீடு என்றால் அது வேறு கதை. தை மாத இரவு இரண்டு மணிக்கு ரெலிபோன் அடித்து, 'தம்பி, வீடு குளிருது' என்று ஒரு தாய் சொல்லும்போது, படுக்கையிலிருந்து எழும்பாமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். லைசன்ஸ் எடுக்கமுதல் நானும் பேஸ்மன்ட் வயரிங் செய்திருக்கிறேன். அனுமதி இல்லை, பரிசோதனை இல்லை. வீடு வாங்கிய எங்கள் ஆட்களுக்கு வாடகை வந்தால்தான் மோட்கேஜ் கட்டலாம். எனக்கு ஊருக்குக் காசு அனுப்பவேண்டும். எங்களவர்கள் தொண்ணூறுகளில் வாங்கிய வீடுகளில் பல, அறுபதுகளின் நடுப்பகுதிக்கும் எழுபதுகளின் கடைசிக்கும் இடையில் கட்டியவை. அந்தக் காலத்து வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினிய வயர் போட்டதுண்டு. அதனோடு செம்பைச் சும்மா முறுக்கினால் காலப்போக்கில் இணைப்புத் தளர்ந்து சூடேறும். எனக்கு அது தெரியாது. நான் செய்த ஒரு வீட்டில் இரண்டு வருடம் கழித்து ஒரு புளக் கருகிப்போனது. இரவு அந்த அறையில் ஒரு மாணவர் படுத்திருந்தார். மணம் வந்து எழும்பினார், தப்பினார். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. கருகிய புளக்கைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார். அந்தக் கிழமை நான் கல்லூரிக்குப் பதிந்தேன். லைசன்ஸ் எடுத்த பிறகு அந்த வீட்டுக்குப் போய், அனுமதி எடுத்து, முழுவதையும் திருத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

1999 இல் பழைய ஒன்ராறியோ ஹைட்ரோ பிரிக்கப்பட்டு, மின் பாதுகாப்புக்குத் தனி அதிகாரசபை வந்தது. 2007 இலிருந்து மாகாணம் முழுவதும் ஒப்பந்தகாரருக்கு லைசன்ஸ் கட்டாயமானது. எங்கள் ஆட்கள் சிலர் இதைப் பெரிய இடைஞ்சல் என்று சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. அந்தக் கருகிய புளக் இன்னும் என் லாச்சியில் இருக்கிறது.

2003 ஓகஸ்ட் 14, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருண்டன. ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர். எங்கள் தொடர்மாடியில் மற்றவர்கள் பதறிக்கொண்டிருக்க, எங்களுடைய அம்மாமார் கதிரைகளை வெளியே போட்டுக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரோ ஒருவர் ஜாம் போத்தல் விளக்குச் செய்து காட்டினார். பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸ்காபரோ வானத்தில் அத்தனை நட்சத்திரம் பார்த்தார்கள். அது கோடைகாலம்.

2013 டிசம்பர் அப்படியல்ல. 21 ஆம் திகதி இரவும் 22 ஆம் திகதியும் உறைமழை பெய்தது. மரங்கள் பனிக்கட்டிப் பாரத்தில் முறிந்து வயர்களின் மேல் விழுந்தன. ரொறொன்ரோவில் மட்டும் ஏறக்குறைய மூன்று இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. சில வீடுகளுக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை. அப்போதுதான் பலருக்கு ஒரு விடயம் தெரியவந்தது. தெருவிலிருந்து வருகிற வயர் மின் நிறுவனத்தினுடையது, வீட்டுச் சுவரில் அதைத் தாங்கி நிற்கும் குழாய் வீட்டுக்காரருடையது. குழாய் முறிந்தால் லைசன்ஸ் உள்ள எலெக்ரீசியன் திருத்தி, பரிசோதனை முடியும்வரை இணைக்கமாட்டார்கள். தெருவெல்லாம் லைற் வந்தும் தங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்ததற்குக் காரணம் தெரியாமல் நின்றார்கள் எங்கள் முதியவர்கள் சிலர். கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவர ஆயத்தப்படுத்திய ஒரு வீட்டையும் கண்டேன். அந்தப் புகையில் வருகிற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். அடுப்பை நானே வெளியே தூக்கி வைத்தேன். அந்த ஐந்து நாளும் நானும் அண்ணரும் எத்தனை குழாய் நிமிர்த்தினோம் என்று கணக்கில்லை. அவருக்கு அப்போது அறுபது கடந்துவிட்டது. மூன்றாம் தடவைதான் சோதனையில் தேறியவர். முதல் இரண்டு தடவையும் விழுத்தியது மின்சாரம் அல்ல, ஆங்கிலம்.

அடுத்த வருடம் அண்ணர் இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனார். மல்லாகத்தில் தமக்கையின் வீடு. அந்த வீட்டுக்கு 1978 இல் வயரிங் செய்தவர் அவரேதான். விறாந்தை சுவிட்ச் ஒன்று வேலை செய்யவில்லை என்று தமக்கை சொல்ல, மூடியைக் கழற்றியிருக்கிறார். உள்ளே அவர் போட்ட சிவப்பும் கறுப்பும் அப்படியே இருந்தன. அதோடு பிறகு யாரோ நீட்டிய மண்ணிறமும் நீலமும். கை பாதியில் நின்றுவிட்டதாம். எது உயிர், எது செத்தது என்று தன்னுடைய கைக்கே தெரியவில்லை என்று சொன்னார். மீற்றர் ஸ்காபரோவில் இருந்தது. மருமகன் சந்திக் கடைக்கு ஓடிப்போய் ஒரு நியோன் ரெஸ்ற்றர் வாங்கிக்கொண்டு வந்தான். அண்ணர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'முதல் போய் மெயினை நிப்பாட்டடா' என்றாராம்.